பிரேக் பின்னால் இருக்கிறது

அன்று காலை செல்லி தன் கணவனுக்குப் பதிலாக இரண்டு மூட்டை மண்ணை வண்டியில் ஏற்றினாள்.

மாதையனின் எடை அவளுக்கு மனப்பாடம். லாரி லோடு மேலிருந்து விழுந்து கால் இரண்டும் செயலிழந்த அவரை ஏழு மாதமாகப் புரட்டிப் படுக்க வைப்பவள் அவள்தானே. இரண்டு உரப் பைகளில் மண்ணை நிரப்பித் தூக்கிப் பார்த்தாள். இன்னும் நாலு கை அள்ளிப் போட்டாள்.

"இப்ப சரியா இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இந்த வண்டி எப்படி வந்தது என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். போன மாதம் ஒரு காலையில் யாரோ இரண்டு சைக்கிள் சக்கரங்களை, செல்லி பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெயரும் இல்லை, சேதியும் இல்லை. ஒரு சக்கரத்தின் கம்பியில் மட்டும் ஒரு துண்டு மஞ்சள் துணி முடிந்திருந்தது. அக்கம்பக்கத்துக் கொட்டாய்க்காரர்களையெல்லாம் செல்லி கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் கையை விரித்தார்கள். தீர்த்தமலை ஈசன் யார் கையிலோ கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்று கும்பிட்டு எடுத்துக்கொண்டாள். அந்த மஞ்சள் துணியை மட்டும் அவிழ்க்கவில்லை.

இண்டூர் வெல்டிங் பட்டறைக்காரர் இரும்புக் குழாய்களை வளைத்து, சக்கரங்களுக்கு நடுவே பொருத்திக் கொடுத்தார். உட்காரும் இடம் முழுக்க முழுக்கச் செல்லியின் யோசனை. புழுக்கள் கூடு கட்டுவதற்காக மூங்கிலில் பின்னிய சந்திரிகைத் தட்டுகள் கொட்டகைப் பரணில் சும்மா கிடந்தன. அவளும் மற்றவர்களைப் போலப் பிளாஸ்டிக் வலைக்கு மாறி மூன்று வருடமாயிற்று. இரண்டு தட்டுகளை அறுத்து அடுக்கி, மேலே பழைய மெத்தைப் பஞ்சை வைத்துத் தைத்தாள். சாய்மானத்துக்கு இன்னொன்று. உயரத்தை மட்டும் கயிற்றால் அளந்து அளந்து பார்த்தாள். மாதையன் படுக்கும் கட்டிலும் இந்த இருக்கையும் ஒரே உயரம். அவரைத் தூக்க வேண்டாம், நகர்த்தினால் போதும்.

முன்னால் நீண்ட குழாயின் நுனியில் லாரி டயர்ப் பட்டை ஒன்றை மடித்து, மகள் கவிப்பிரியாவுக்குப் பள்ளியில் கொடுத்த நீலச் சைக்கிளின் சீட்டுக்கு அடியில் போல்ட் போட்டு மாட்டியாயிற்று.

"நான் பஸ்ல போயிக்கறேம்மா" என்றாள் பிளஸ் ஒன் படிக்கும் கவிப்பிரியா. "ஆனா என் சைக்கிள்ல ஒரு கீறல் வுழுந்துச்சு, உங்க ரெண்டு பேரு மேலயும் கேஸ் குடுப்பேன்."

"குடு. மொதல்ல இங்க வந்து பின்னால புடி."

இண்டூர்ப் பள்ளியில் அன்று மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ முகாம். ஆளே நேரில் வர வேண்டும். ஒரு மணிக்குள் பெயர் பதிய வேண்டும். அடுத்த முகாம் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

போன முகாமுக்கு மாதையன் போகவில்லை. அதற்கு முன்னால் ஒருமுறை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இண்டூர் பஸ் ஸ்டாப்பில் பிடிமானமில்லாமல் சரிந்து தெருவில் விழுந்துவிட்டார். இருபத்து நாலு வருடம் லாரி ஓட்டிய மனிதர். நாலு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். அந்த நாலு பேரின் முகத்தையும் அவரால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து வாசலைத் தாண்டவே இல்லை.

நேற்று இரவும் செல்லி கேட்டாள். "பொண்டாட்டி சைக்கிள் மிதிப்பா, நான் பின்னால சாமி மாதிரி ஊர்வலம் போவணுமா?" என்று சொல்லிவிட்டு மாதையன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதனால்தான் இன்று மண் மூட்டை. ஓடுகிற வண்டியைக் கண்ணால் பார்த்தால் அவருக்கு மனசு வரும் என்று அவள் நினைத்தாள்.

கட்டிலிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும். வாசலுக்கு அந்தப்பக்கம், தார் ரோட்டுக்கு இறங்கும் சரிவும் தெரியும். செல்லி முருகனை வேண்டிக்கொண்டு பெடலை மிதித்தாள்.

வண்டி அழகாகக் கிளம்பியது. "ம்மா, சூப்பர்!" என்று கத்தினாள் கவிப்பிரியா.

பாதிச் சரிவில் பின்வண்டி முன்வண்டியைத் தள்ள ஆரம்பித்தது. செல்லி பயந்துபோய்ச் சைக்கிள் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள். சைக்கிள் நின்றது. மூட்டைகள் நிற்கவில்லை.

அடுத்த நொடி அவள் மல்பெரித் தோட்டத்து வாய்க்காலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு மூட்டை.

"செல்லி!" வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. ஏழு மாதமாக அந்த வீட்டில் கேட்காத பெரிய குரல். "ஏய் செல்லி! அடி கிடி பட்டுதா?"

"ஒண்ணும் ஆவலைங்க. சேறுதான்."

"எவன் பிரேக் இல்லாம டிரெய்லர் கட்டினது? எறக்கத்துல லோடு தள்ளும்னு தெரியாதா?"

செல்லி சேற்றுச் சேலையைப் பிழிந்துகொண்டே வாசலில் வந்து நின்றாள். "எனக்கு எப்பிடிங்க தெரியும்? நான் கூடு ஏத்தற நெனப்புலயே கட்டிட்டேன். பட்டுக்கூடு எங்கயாச்சும் ஆளத் தள்ளுமா?"

அது உண்மைதான். ஒரு கோணி நிறையக் கூட்டை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் போட்டுப் பழகியவள். இருபது வருடமாக அவள் கட்டியது, முடைந்தது, தூக்கியது எல்லாமே காற்றைப் போன்ற சரக்குக்காகத்தான். பாரம் பின்னாலிருந்து தள்ளும் என்பது அவள் அறியாத பாடம்.

மாதையனோ அந்தப் பாரத்தோடு தொப்பூர்க் கணவாயில் எத்தனையோ முறை இறங்கி வந்தவர்.

"கவி, இங்க வா. அந்தப் பழைய கதவுக் கீலு ரெண்டும் இருக்குதா? வேலங்கட்டை ஒண்ணு. தேஞ்ச சைக்கிள் டயரு."

"எதுக்குப்பா?"

"சொன்னதக் கொண்டா."

கட்டிலில் படுத்தபடியே அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கட்டை இரண்டு சக்கரத்துக்கும் குறுக்கே நீளமாக இருக்க வேண்டும். சக்கரத்தில் படும் இரண்டு நுனியிலும் டயர்த் துண்டை வைத்து ஆணி அடிக்க வேண்டும். நடுவில் கீல். அதிலிருந்து இருக்கையின் வலது பக்கம் வரை ஒரு இரும்புக் கைப்பிடி. இழுத்தால் கட்டை போய்ச் சக்கரங்களை அழுத்தும், விட்டால் விலகும்.

"ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணாப் புடிக்கணும். ஒண்ண மட்டும் புடிச்சா வண்டி சுத்திக்கும். ஆணிய நேரா அடி செல்லி. அது என்ன, முறுக்கு மாதிரி வளையுது?"

"நீங்க எந்திரிச்சு வந்து அடிங்க பாக்கலாம்."

சொன்ன பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் மாதையன் கோபப்படவில்லை. "சுத்தியலக் குடு" என்று கை நீட்டினார். கட்டையைக் கட்டில்மேல் வைத்து, முழங்கையை ஊன்றிக்கொண்டு, மிச்ச ஆணிகளை அவரே அடித்தார். கவிப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்தது. செல்லி கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். சக்கரங்கள் அசையவில்லை.

"நல்லாப் புடிக்குதுங்க. ஆனா ஒண்ணு. நான் முன்னால மிதிச்சுட்டுப் போறேன். இத யாரு புடிக்கறது?"

அவள் கைப்பிடியை விட்டாள்.

"மண்ணு மூட்டை புடிக்குமாப்பா?" என்று கேட்டாள் கவிப்பிரியா.

மாதையன் மகளைப் பார்த்தார். மனைவியின் சேற்றுக் காலைப் பார்த்தார். பிறகு, தானே ஆணி அடித்த அந்தக் கட்டையைப் பார்த்தார். துன்பத்தில் கிடக்கிற மனிதனுக்கு நாம் ஆறுதல் சொல்கிறோம், பழம் வாங்கிப்போகிறோம். அவன் கையில் ஒரு வேலையைக் கொடுக்க மட்டும் மறந்துவிடுகிறோம். அதைவிடப் பெரிய மரியாதை வேறு இல்லை.

"என் சட்டைய எடு" என்றார் மாதையன்.

செல்லி ஓடிப்போய்ப் பெட்டிக்குள்ளிருந்து காக்கிச் சட்டையை எடுத்தாள்.

"காக்கி வேணாம். வெள்ளைய எடு. இன்னிக்கி நீதான் டிரைவரு. நான் கிளீனரு."

வண்டியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினார்கள். "சக்கரத்துக்குக் கல்லு வை" என்று மறக்காமல் சொன்னார். தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, அவர் கைகளை ஊன்றி நகர்ந்து உட்கார்ந்தார். சந்திரிகை மெல்ல முனகி அவரை ஏந்திக்கொண்டது. இடுப்பைச் சுற்றி ஒரு துண்டால் சாய்மானத்தோடு கட்டினாள் செல்லி. கவிப்பிரியா பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

"போலாமாங்க?"

"போலாம் ரைட்!"

சரிவில் அவர் கைப்பிடியை ஒரே இழுப்பாக இழுக்கவில்லை. கொஞ்சம் பிடித்து, கொஞ்சம் விட்டு, மறுபடி பிடித்து இறக்கினார். ரப்பர் தேயும் வாசனை வந்தது. செல்லியின் முதுகில் எந்தத் தள்ளலும் இல்லை. வாய்க்காலைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறியதும் அவள் வாய்விட்டே "முருகா, முருகா" என்றாள்.

"முருகன் முன்னால இருக்கட்டும். லாரி வருது, எடதுல ஒதுங்கு. ஆங்... ரைட்டு... ரைட்டு. வரலாம்."

பல மாதங்களுக்குப் பிறகு மாதையனின் முகத்தில் ரோட்டுக் காற்று பட்டது. இருபுறமும் கேழ்வரகு கதிர் விட்டிருந்தது. அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

இண்டூர் பஸ் ஸ்டாப் நெருங்கியபோது செல்லி மிதிப்பதை மெதுவாக்கினாள். அவர் விழுந்த இடம். சுற்றிப் போகலாமா என்று யோசிப்பதற்குள் டீக்கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"அட, டிரைவரே! எவ்வளவு நாளாச்சு! என்ன லோடு இன்னிக்கி?"

செல்லி காலை ஊன்றி நின்றாள்.

"லோடே நான்தாம்ப்பா!" என்றார் மாதையன்.

கடை முழுக்கச் சிரிப்பு. ஏளனச் சிரிப்பு இல்லை. இத்தனை நாள் என்ன பேசுவதென்று தெரியாமல் தயங்கி நின்றவர்களின் நிம்மதிச் சிரிப்பு. ஒருவர் வந்து பிரேக்கைத் தொட்டுப் பார்த்தார். டீ வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் கடைக்காரர் இரண்டு டம்ளரை நீட்டினார்.

அந்த டீயைக் குடிக்கும்போதுதான் மாதையனின் இடது கை இருக்கைக்கு அடியில் எதையோ தொட்டது. இருக்கையைக் குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்த நைலான் கயிறு. அதன் முடிச்சு. விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன. இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, நுனியை உள்ளே செருகி மறுபடி வெளியே எடுத்த முடிச்சு.

"செல்லி, இந்தக் கயிறு யாரு கட்டினது?"

"தெரியலீங்க. நான் சேலைக் கிழிசல்லதான் கட்டியிருந்தேன். நேத்து சாயங்காலம் மல்பெரி எலை அறுத்துட்டு வந்து பாத்தா கயிறு மாத்தியிருந்துச்சு. வெல்டிங்காரரு அந்தப்பக்கம் வந்திருப்பாரு."

அவர் முடிச்சை மறுபடி தடவிப் பார்த்தார். அதன் பிறகு பள்ளி வரும்வரை "ரைட்டு" என்ற குரல் வரவில்லை.

முகாமில் வரிசை நீளமாகத்தான் இருந்தது. ஆனால் பெயர் பதிந்தபோது மணி பதினொன்றரை. செல்லி சுவாமிக்கு நன்றி சொன்னாள். பரிசோதித்த பெண் மருத்துவர் மாதையனின் உள்ளங்காலில் சாவியால் கோடு இழுத்தார். கட்டை விரல் லேசாக அசைந்தது. மறுபடி இழுத்தார்.

"சான்றிதழுக்கு எழுதிடறேன். ஆனா அத மட்டும் வாங்கிட்டுப் போயிடாதீங்க. இந்தக் காலுக்கு இன்னும் உயிர் இருக்குது. வாரம் மூணு நாள் இங்க ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வரணும். ஓடுவீங்கன்னு சொல்ல மாட்டேன். புடிச்சுக்கிட்டு நிக்கலாம். வர முடியுமா? எதுல வந்தீங்க?"

செல்லி ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். வேப்பமரத்தடியில் நின்ற நீலச் சைக்கிளையும் பின்வண்டியையும் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். ஊன்றுகோல் வைத்த ஒரு பெரியவர் குனிந்து சந்திரிகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருவோம் டாக்டரம்மா" என்றார் மாதையன், செல்லி வாய் திறப்பதற்கு முன்பே.

திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. செல்லிக்குக் கால் வலித்தது. ஆனால் மிதிக்க மிதிக்க மனசு இலேசாகிக்கொண்டே போனது. வீட்டுக்கு இன்னும் கால் கிலோமீட்டர் இருக்கையில் ஏரிக்கரைப் பாதை பிரியும் இடம் வந்தது. அவள் நேராகப் போக மிதித்தாள்.

வண்டி நகரவில்லை.

இன்னும் அழுத்தி மிதித்தாள். அசையவே இல்லை. திரும்பிப் பார்த்தால், மாதையன் கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தார்.

"ஏங்க? மேடுதானே, எதுக்குப் பிரேக்கு?"

"வலதுல திருப்பு."

"அது உங்க தம்பி சின்னராசு வூட்டுப் பாதைங்க."

"தெரியும். இந்த முடிச்சு அவன் போட்டது. தார்ப்பாய் கட்டற முடிச்சு. எங்கூட வண்டியில வந்தப்ப நான்தான் சொல்லிக் குடுத்தேன். இந்தச் சுத்துவட்டாரத்துல இப்பிடிக் கட்டறது ரெண்டே பேரு."

செல்லி சைக்கிளை விட்டு இறங்கினாள். இத்தனை நாளாகச் சொல்ல வேண்டாம் என்று அடக்கி வைத்திருந்ததை இப்போது சொன்னாள்.

"அவன் லாரி ஏறியே ஏழு மாசமாச்சுங்க. அவன் பொண்டாட்டி சுசித்ரா கோயில்ல என்னப் பாத்து அழுதா. 'என் முடிச்சு அவுந்துதான் எங்கண்ணன் வுழுந்துது, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த வூட்டு வாசல்ல போயி நிக்கறது'ன்னு தெனமும் சொல்றானாம். நீங்களும் ஒரு வார்த்தை பேசல. அண்ணன் மனசுல அது இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டான்."

மாதையன் வெயிலில் கண்ணைச் சுருக்கி அவளையே பார்த்தார்.

"அவன் முடிச்சா? அத நான் அவுத்துட்டேன் செல்லி. மழை வர்றாப்ல இருந்துச்சு. இன்னும் இழுத்துக் கட்டலாம்னு லோடு மேல நின்னுக்கிட்டு நான்தான் அவுத்தேன். கயிறு கைய வுட்டு நழுவிடுச்சு. அவன் அந்தப்பக்கம் கீழ நின்னான். பாக்கல."

"இத ஏங்க யாருகிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டாங்க? அவன் வருவான், பேசலாம்னு பாத்தேன். வரல. படுத்த படுக்கையா இருக்கறவன எதுக்குச் சுமக்கணும்னு ஒதுங்கிட்டான்னு நெனச்சேன்."

ஏழு மாதம்! அரை கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு வீடு. இரண்டு வீட்டிலும் ஒருவரை ஒருவர் நினைத்துச் சாப்பிடாத இரண்டு பேர். ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அந்த ஒரு வார்த்தையைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் அவர்களிடம் வண்டி இல்லாமல் இருந்தது.

செல்லி சைக்கிளை வலதுபக்கம் திருப்பினாள். மாதையன் பிரேக்கை விட்டார்.

சின்னராஜ் வாசலில் குந்தி மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். சைக்கிள் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். அண்ணியைப் பார்த்தான். அண்ணிக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தான். மண்வெட்டி கையிலிருந்து விழுந்தது. எழுந்து உள்ளே போகப் பார்த்தான்.

"நில்றா. என்னால எறங்கி ஓடிவந்து புடிக்க முடியாது."

அவன் நின்றான். திரும்பவில்லை.

"ராசு, உன் முடிச்சு அன்னிக்கி அவுறலடா. நான் அவுத்தேன்."

சின்னராஜின் தோள்கள் அசைந்தன. "எனக்காகச் சொல்றீங்கண்ணா" என்றான், சுவரைப் பார்த்தபடியே.

"உனக்காகப் பொய் சொல்றதுக்கா, ரெண்டு பேரு பாரத்த இவள மிதிக்க வெச்சு வந்திருக்கேன்? நீ போட்ட முடிச்சு இங்க இருக்குது, வந்து பாரு. காலையிலிருந்து இதும்மேலதான் உக்காந்துருக்கேன். ஒரு நூலு நெகிழல."

அவன் வந்தான். அண்ணனின் காலடியில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முழங்காலில் அவன் கண்ணீரின் சூட்டை மாதையனால் உணர முடிந்ததா என்று நமக்குத் தெரியாது. ஆனால் அவர் தம்பியின் தலையில் கை வைத்து, "ஆண்டவனே, ஆண்டவனே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஓடிவந்த சுசித்ரா செல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மோர் வந்தது. சிரிப்பும் வந்தது. சின்னராஜ் எழுந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். பிரேக்கை இழுத்துப் பார்த்தான்.

"இது உங்க வேலைதானேண்ணா?"

"வேற யாரு? உங்கண்ணி பிரேக் இல்லாமக் கட்டி வாய்க்கால்ல குளிச்சா." மாதையன் மோரைக் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். "எல்லாஞ் சரி. நேருல வர்றதுக்குத்தான் கூச்சம். இந்தச் சக்கரம் ரெண்டையும் எங்கடா புடிச்ச? ஒரு கோணல் இல்ல, ஒரு ஆட்டம் இல்ல. நல்ல சக்கரம்."

சின்னராஜ் டம்ளரை வாங்காமல் நின்றான்.

"சக்கரமா? நேத்து அண்ணி தோட்டத்துல இருந்தப்ப வந்து கயிறு மட்டும்தாண்ணா மாத்திக் கட்டினேன். சக்கரம் நான் வெக்கல."

"நீயில்லையா?" என்றாள் செல்லி.

"சாமி சத்தியமா நானில்ல அண்ணி."

நாலு பேரும் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்கள். கம்பியில் முடிந்திருந்த மஞ்சள் துணி காற்றில் மெல்ல ஆடியது. சுசித்ரா அதை விரல்களில் ஏந்திப் பார்த்தாள். அவள் முகம் சட்டென்று மாறியது.

"அக்கா, இந்தத் துணிய நான் பாத்துருக்கேன்" என்றாள்.

(தொடரும்)